எஃகை மரம் மாதிரி கையாண்ட தச்சர்: யார் இந்த பௌல் கியர்ஹோல்ம்?

வீட்டு அலங்கார ரீல்ஸ் பார்க்கிற பழக்கம் இருந்தால், இந்த நாற்காலி ஒருமுறையாவது உங்கள் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு பக்கமும் எஃகுப் பட்டைகள் வில் மாதிரி வளைந்து தரையைத் தொடும். அதன் மேல் ஒரு மெல்லிய சட்டம். சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தியது போலத் தேன் நிறத் தோல். அவ்வளவுதான். கைப்பிடி இல்லை, திண்டு இல்லை, மெத்தை இல்லை. உட்காரும் உயரம் சுமார் 35 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம்கூடக் கிடையாது.

பெயர் பிகே22. பார்த்தால் போன வருடம் வந்த பொருள் மாதிரி இருக்கும். ஆனா வடிவமைக்கப்பட்டது 1956-ல். பெயரில் இருக்கிற 'பிகே', அதை உருவாக்கிய டென்மார்க்காரரின் முதலெழுத்துகள்: பௌல் கியர்ஹோல்ம்.

டேனிஷ் மாடர்ன் என்றாலே தேக்கும் ஓக்கும்தானே, அதில் எஃகுக்கும் தோலுக்கும் என்ன வேலை? அந்தக் கேள்விக்குப் பதில் இவருடைய வாழ்க்கையில்தான் இருக்கிறது. 51 வயதில் முடிந்துபோன வாழ்க்கை அது.

*தொடக்கம் மரப்பட்டறையில்*

கியர்ஹோல்ம் பிறந்தது 1929 ஜனவரி 8-ம் தேதி. டென்மார்க்கின் வடக்கு யூட்லாந்து பகுதியில் ஓஸ்டர் வ்ரோ என்ற சின்ன ஊர். பெரிய கலைக் குடும்பப் பின்னணியோடு வந்தவர் இல்லை. தச்சுப் பட்டறையில் சேர்ந்து, 1948-ல், 19 வயதில், பயிற்சி முடித்துத் தொழில்முறைத் தச்சரானார்.

இந்த ஒரு வரியைச் சும்மா கடந்து போயிடக் கூடாது. பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் சாவி இங்கேதான் கிடக்கிறது. தச்சு வேலை கற்கிற பையன் முதலில் கவனிக்கப் பழகுவது நாற்காலியின் அழகை இல்லை, இரண்டு கட்டைகள் சந்திக்கும் மூட்டை. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எடை எங்கே இறங்குகிறது, எந்த மூட்டு நாளைக்கு ஆட ஆரம்பிக்கும் என்று பார்க்கிற கண் அது. கியர்ஹோல்ம் பிறகு மரத்தை விட்டு விலகினார். ஆனா அந்தக் கண்ணை விடவில்லை.

1949-ல் கோபன்ஹேகனில் இருந்த கலை, கைவினைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கிடைத்த ஆசிரியர்கள் இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. ஒருவர் ஹான்ஸ் வெக்னர், அவரும் தச்சராகத் தொடங்கி டேனிஷ் மர நாற்காலிகளின் பெரிய பெயராக ஆனவர். இன்னொருவர் யோர்ன் உட்சோன். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் சிட்னி ஓபரா ஹவுஸை வடிவமைத்தாரே, அவரேதான்.

*மரத்தின் நாட்டில் எஃகு*

கொஞ்சம் பின்னணி. டென்மார்க்கில் நவீன மரச்சாமான் கலைக்கு அடித்தளம் போட்டவராகக் கருதப்படுபவர் கோரே கிளிண்ட். 1924-ல் ராயல் அகாடமியில் மரச்சாமான் வடிவமைப்புக்கான துறையைத் தொடங்கியவர். பழைய நாற்காலிகளை அளந்து பார், வரைந்து பார், பிறகு புதுசு செய் என்பது அவர் வழி. 1927 முதல் கோபன்ஹேகன் தச்சர் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. வெக்னர், ஃபின் யூல் போன்றவர்கள் கவனம் பெற்றது அந்த மேடையில்தான். அங்கே எல்லாமே மரம். தடவிப் பார்த்தால் வழுக்கும் மரம்.

எஃகு நாற்காலி என்பது அப்போது ஜெர்மனிச் சமாச்சாரம். பௌஹௌஸ் பள்ளியில் மார்செல் பிராயர் 1925-ல் எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்திருந்தார். மீஸ் வான் டெர் ரோ 1929-ல் பார்சிலோனா நாற்காலியைக் கொண்டுவந்தார். கியர்ஹோல்ம் பிறந்த அதே வருடம் என்பது தற்செயல்தான், ஆனா சொல்லாமல் போக மனசு வரவில்லை. டேனிஷ் வீடுகளுக்கு இதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி குளிர்ச்சியாகத் தெரிந்தது.

கியர்ஹோல்மின் வாதம் எளிமையானது. மரம், தோல், கல், பிரம்பு எல்லாம் இயற்கைப் பொருள் என்று கொண்டாடுகிறோமே, எஃகு மட்டும் ஏன் இல்லை? அதன் மேல் வெளிச்சம் விழும்போது சிதறுகிற விதமே ஒரு அழகு. மரத்தில் எப்படி ரேகையோ, எஃகில் அப்படி அந்த வெளிச்சம் என்று அவர் நம்பினார். அதனால்தான் கண்ணைக் கூசவைக்கும் பளபளா குரோமை ஒதுக்கிவிட்டு, மங்கலான மேட் பூச்சைத் தேர்ந்தெடுத்தார். பிராயர் மாதிரி குழாயையும் எடுக்கவில்லை. எடுத்தது தட்டையான பட்டை. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு கோடு, முன்னால் பார்த்தால் ஒரு பரப்பு. குழாய் எந்தப் பக்கம் பார்த்தாலும் குழாய்தான்; பட்டைக்கு, மரப்பலகை மாதிரியே, முகமும் விளிம்பும் உண்டு.

1951-ல் பள்ளியில் இறுதித் திட்டமாக அவர் செய்த நாற்காலி, இன்று பிகே25 என்று அறியப்படுகிறது. சட்டம் முழுக்க ஒரே எஃகுத் துண்டு. அதை வெட்டி, வளைத்து, கால், இருக்கை, முதுகு எல்லாம் அதிலிருந்தே எடுத்திருக்கிறார். மூட்டே இல்லாத நாற்காலி! உட்காரும் பரப்புக்குக் கொடிக்கம்பத்தில் கொடி ஏற்றுகிற கயிறு. நம் பக்கத்து நாடாக் கட்டிலில் பின்னல் எப்படி உடம்பைத் தாங்குமோ, அந்த மாதிரி கயிறு தாங்கிக்கொள்கிறது. அப்போது அவருக்கு வயது 22.

*நிராகரிப்பு*

படிப்பை முடித்த கையோடு ஃபிரிட்ஸ் ஹான்சென் நிறுவனத்தில் வேலை. 1872-ல் தொடங்கிய, டென்மார்க்கின் பெரிய மரச்சாமான் நிறுவனங்களில் ஒன்று. ஒரு இளைஞனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அங்கே அவர் 1952-ல் வளைத்த பிளைவுட்டில் ஒரு நாற்காலி செய்தார். முதுகும் இருக்கையுமாக இரண்டே இரண்டு ஓடுகள், ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். பார்க்க ஒரு சிற்பம் மாதிரி இருக்கும்.

அதே நேரத்தில் அதே நிறுவனத்தின் மேசையில் இன்னொரு பிளைவுட் நாற்காலியும் இருந்தது. நோவோ மருந்து நிறுவனத்தின் கேன்டீனுக்காகக் கட்டிடக் கலைஞர் ஆர்னே யாகோப்சென் செய்தது. மூன்று மெல்லிய கால், எறும்பு மாதிரி இடுப்பு. உலகம் முழுக்க 'எறும்பு நாற்காலி' என்று பெயரெடுத்தது அதுதான். யாகோப்சென் அப்போது 50 வயது பிரபலம். கியர்ஹோல்ம் 23 வயதுப் புதுமுகம். இரண்டில் ஒன்றில்தான் முதலீடு செய்ய முடியும் என்ற நிலை. நிறுவனம் எறும்பைத் தேர்ந்தெடுத்தது.

வியாபாரமாகப் பார்த்தால் தப்பான முடிவு என்று சொல்லவே முடியாது. எறும்பு அடுக்கி வைக்கலாம், மலிவு, பிரமாதமாக விற்றது. ஆனா கியர்ஹோல்ம் ஏறக்குறைய ஒரு வருடத்திலேயே வெளியே வந்துவிட்டார். அவருடைய பிளைவுட் நாற்காலி அலமாரிக்குள் போனது.

*தொழிற்சாலையே இல்லாத தயாரிப்பாளர்*

இரண்டு மூன்று வருடம் கழித்து அவருக்குச் சரியான கூட்டாளி கிடைத்தார். எய்விண்ட் கோல்ட் கிறிஸ்டென்சென். இவர் தச்சர் இல்லை, பொறியாளரும் இல்லை. மரச்சாமான் விற்பனையில் ஊறிய ஆள். வெக்னரின் நாற்காலிகளைச் சந்தைக்குக் கொண்டுபோன வேலையில் இவருக்கும் பங்கு உண்டு. 1955-ல் இருவரும் சேர்ந்தார்கள். கோபன்ஹேகனை ஒட்டிய ஹெல்லெருப்பில் கிறிஸ்டென்சென் நிறுவனம் இயங்கியது. கியர்ஹோல்ம் சாகும் வரை, 25 வருடம், இந்த உறவு நீடித்தது.

இதில் வேடிக்கை, கிறிஸ்டென்செனிடம் சொந்தத் தொழிற்சாலையே கிடையாது. எஃகு வேலைக்குக் கொல்லர், தோலுக்கு ஒரு தையல் கைவினைஞர், பிரம்புக்கு ஒருவர், கல்லுக்கு ஒருவர் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு பட்டறையில் நடக்கும். எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு நாற்காலி ஆகும். எதில் எவ்வளவு செலவானாலும், அளவில் ஒரு மில்லிமீட்டர்கூடச் சமரசம் இல்லாமல் செய்யும் சுதந்திரம் கியர்ஹோல்முக்கு அங்கே கிடைத்தது.

பிகே22 அப்படி வந்ததுதான். பிகே25-ல் ஒரே துண்டாக இருந்த எஃகை இங்கே தனித்தனிப் பாகங்களாகப் பிரித்தார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால் பட்டைகள், அவற்றை இணைக்கும் குறுக்குப் பட்டைகள், மேலே இருக்கைச் சட்டம். எதிலும் வெல்டிங் கிடையாது. எல்லாம் ஸ்க்ரூ. அதுவும் மறைத்து வைக்காமல், ஆலன் கீ போடுகிற அந்த அறுகோணக் குழி வெளியே தெரிகிற மாதிரி. வெல்டிங் பற்றவைத்தால் மூட்டு காணாமல் போயிடும். ஸ்க்ரூ போட்டால் எது எதோடு எங்கே சேருகிறது என்று யாரும் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கழற்றலாம், திரும்ப மாட்டலாம். தச்சரின் கண் என்று மேலே சொன்னது இதைத்தான். ஸ்பிரிங் எஃகு என்பதால் உட்காரும்போது லேசாகக் கொடுக்கும், மெத்தை செய்ய வேண்டிய வேலையில் பாதியை உலோகமே செய்துவிடும்.

அதே காலத்தில் வந்த பிகே61 காபி மேசையைப் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரே மாதிரி நான்கு எஃகுப் பாகங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததின் நடுவில் போய் முட்டும், காற்றாடி இதழ்கள் மாதிரி. மேலே 80 சென்டிமீட்டர் சதுரத்தில் கண்ணாடியோ கல்லோ. பசை கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, கல் தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணாடி போட்டால் அடியில் இருக்கிற அமைப்பு முழுக்கத் தெரியும். மறைக்க ஒன்றுமில்லாத ஆள்தான் இப்படி ஒரு மேசை செய்ய முடியும்.

1957-ல் பிகே80. சாய்ந்து படுக்கவும் உட்காரவும் தாழ்வான ஒரு திவான். 190 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் உயரம். எஃகுக் காலின் மேல் பிளைவுட் பலகை, அதன் மேல் தோல் மெத்தை. பலகையையும் எஃகையும் பிடித்து வைத்திருப்பது என்ன தெரியுமா? ரப்பர் வளையங்கள்! நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் கூடங்களில் பார்வையாளர்கள் உட்கார இந்தத் திவானைப் போட்டிருக்கிறது. ஓவியம் பார்த்துக் கால் வலித்து உட்காருகிற பலருக்கு, தாங்கள் உட்கார்ந்திருப்பதும் ஒரு கலைப்பொருள் என்று தெரியாது.

எண்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பிகே22, 61, 80 எல்லாம் செய்த வரிசை இல்லை, வகை. இருபதுகளில் சாய்வான தாழ் நாற்காலிகள், முப்பதுகளில் சோபாக்கள், ஐம்பதுகளில் மேசைகள், அறுபதுகளில் காபி மேசைகள், எண்பதில் திவான், தொண்ணூறுகளில் மடக்கு முக்காலி. பெயர் வைப்பதில்கூடக் கவிதை வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

*பரிசுகளும் ருங்ஸ்டெட் வீடும்*

1957-ல் மிலான் டிரியன்னாலே கண்காட்சியில் பிகே22-க்குக் கிராண்ட் பிரி. 1958-ல் ஸ்காண்டிநேவிய வடிவமைப்பாளர்களுக்கான லுன்னிங் பரிசு. 1960-ல் மிலானில் மறுபடி கிராண்ட் பிரி. முப்பது வயதை ஒட்டி இத்தனையும்.

1953-ல் ஹன்னேயைத் திருமணம் செய்திருந்தார். அவர் கட்டிடக் கலைஞர். இருவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹன்னேயை மனைவி என்ற அடைமொழியோடு நிறுத்திக்கொள்வது உண்டு, அது நியாயம் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஓரெசுண்ட் நீரிணைக் கரையில், ருங்ஸ்டெட்டில் குடும்பத்துக்கான வீட்டை வடிவமைத்தது அவர்தான். ஒரே தளம், கடலைப் பார்த்துத் திறந்த நீண்ட கூடம். கியர்ஹோல்மின் சாமான்கள் எவ்வளவு தாழ்வு என்று யோசித்தால் அந்தக் கூடத்தின் அருமை விளங்கும். நாற்காலி உயர்ந்து நின்றால் கடல் மறையும். தாழ்ந்திருந்தால் பார்வை அதன் மேலாகப் போய்விடும். ஹன்னே பின்னாளில் அகாடமியின் கட்டிடக்கலைப் பள்ளியில் முதல் பெண் பேராசிரியர் ஆனார். 2009-ல் காலமானார்.

1960-ல் வந்த பிகே9 நாற்காலிக்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. கடற்கரை மணலில் ஹன்னே உட்கார்ந்து எழுந்த தடத்தைப் பார்த்துத்தான் அந்த இருக்கையின் குழிவை எடுத்தாராம். மூன்று எஃகுப் பட்டைகள் தண்டு மாதிரி எழும்பிப் பிரியும், அதன் மேல் தோல் போர்த்திய ஓடு.

1961-ல் பிகே91 என்ற மடக்கு முக்காலி. இது நேராகக் கிளிண்டுக்கான வணக்கம். கிளிண்ட் 1930-ல் விமான விசிறி மாதிரி முறுக்கிய மரக் கால்களோடு ஒரு முக்காலி வரைந்திருந்தார். மடக்கினால் இரண்டு காலும் சேர்ந்து ஒரே தடியாகும். மரத்தில் அதைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். எஃகுப் பட்டையை அப்படியே முறுக்கிவிடலாம். குருவின் கணக்கை வேறு பொருளில் போட்டு, விடையைச் சுருக்கமாக்கினார் சீடர்.

1965-ல் பிகே24. பிரம்பிலோ தோலிலோ நீளமாகப் பாயும் சாய்விருக்கை. தலைக்கு ஒரு தோல் தலையணை. அது நழுவாமல் இருக்கப் பின்னால் தொங்குவது ஒரு எஃகு எடை. தராசு மாதிரி. பொத்தான் இல்லை, கொக்கி இல்லை. அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், அந்தத் தலையணையைத்தான் சொல்வேன்.

*யாருக்காகச் செய்தார்?*

இங்கே ஒரு நெருடல் இருக்கிறது. எஃகை எடுத்ததே தொழிற்சாலைக் காலத்துக்கு ஏற்ற பொருள் என்பதால்தான். ஒரே மாதிரி பாகங்கள், கழற்றி மாட்டும் ஸ்க்ரூக்கள், பெட்டியில் அடுக்கி அனுப்பலாம்: எல்லாமே பெருமளவு உற்பத்திக்கான இலக்கணம். நடந்தது நேர்மாறு. பட்டறைகளில், கையால், குறைந்த எண்ணிக்கையில், அதிக விலையில்தான் அவை வந்தன. எந்திரத்தில் செய்தது மாதிரி தெரிய வைக்க, ஒரு கொல்லர் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டியிருந்தது. அதே காலத்தில் யாகோப்செனின் நாற்காலிகள் கேன்டீன்களுக்கும் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. கியர்ஹோல்முடையவை வசதியான வீடுகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போயின. பிடிவாதம் அவரைப் பெரிய கலைஞராக்கியது, சரி. ஆனா அந்தப் பிடிவாதத்துக்கான விலையைக் கொடுத்து வாங்க எல்லோராலும் முடியவில்லை.

அவர் இதைச் சமன் செய்த இடம் வகுப்பறை என்று சொல்லலாம். 1950-களிலேயே கற்பிக்கத் தொடங்கியவர், 1976-ல் ராயல் அகாடமியில் பேராசிரியரானார். அதே ஆண்டில் ஹும்லெபெக் ஊரில் உள்ள லூசியானா அருங்காட்சியகத்தின் கச்சேரி அரங்குக்கு நாற்காலிகள் செய்தார். அதில் ஆச்சரியம், மெல்லிய மேப்பிள் மரப் பட்டைகளைப் பின்னிச் செய்த இருக்கைகள் அவை. எழுபதுகளில் அவர் மெல்ல மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். 1971-ல் வந்த பிகே27-ம் வளைத்த மர அடுக்குகள்தான். அந்தத் திரும்பல் எங்கே போய் நின்றிருக்கும் என்று பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 1980 ஏப்ரல் 18-ம் தேதி இறந்தார்.

*அதற்குப் பிறகு*

1982-ல், கிறிஸ்டென்சென் தயாரித்துவந்த கியர்ஹோல்ம் வரிசையை ஒரு பெரிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஃபிரிட்ஸ் ஹான்சென்! முப்பது வருடத்துக்கு முன் அவருடைய பிளைவுட் நாற்காலி வேண்டாம் என்ற அதே நிறுவனம். இன்று கடையில் புதிதாக விற்கும் பிகே22 அவர்களுடையதே.

அதனால்தான் பழைய பொருள் சேகரிப்பவர்கள் எஃகுச் சட்டத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். 1982-க்கு முந்தையது என்றால் கிறிஸ்டென்சென் நிறுவனத்தின் முத்திரை எஃகில் குத்தப்பட்டிருக்கும். மேற்பூச்சு மேட் குரோம். இன்றைய தயாரிப்பு, தேய்த்து மங்கலாக்கிய துருப்பிடிக்காத எஃகு. தோலும் சாட்சி சொல்லும். வெளிர் நிறத்தில் வாங்கிய இயற்கைத் தோல், வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டு, வருடங்களில் கருத்துத் தேன் நிறமாகிறது. கீறலும் கறையும் இருந்தால் விலை குறையும் என்று நினைப்போம். இந்தச் சந்தையில் தோலை மாற்றிப் புதுசாகப் போட்டால்தான் மதிப்பு குறையும் வாய்ப்பு அதிகம்.

போலிகள்? ஏராளம். ஆன்லைனில் தேடினால் அவர் பெயரே சொல்லாமல், பிகே22 வடிவத்தில் மலிவான நாற்காலிகள் வரிசையாக வந்து நிற்கும். டென்மார்க்கில் இந்த வடிவங்களுக்குக் காப்புரிமை, படைப்பாளி இறந்து 70 ஆண்டுகள் வரை. கணக்குப் போட்டால் 2050 முடியும் வரை அங்கே இவற்றைப் பிரதி எடுப்பது சட்டவிரோதம்.

அலமாரிக்குள் போன அந்த பிளைவுட் நாற்காலி என்ன ஆனது? 1997-ல், ஃபிரிட்ஸ் ஹான்சென் தன் 125-வது ஆண்டைக் கொண்டாடியபோது, அதை வெளியே எடுத்து 600 மட்டும் செய்து விற்றது. 2022-ல், 150-வது ஆண்டுக்கு, மறுபடி தயாரிப்புக்குக் கொண்டுவந்தது. அதற்கு இன்று இருக்கும் பெயர் பிகே0.